உன் மூன்று பிஸ்டன்களும் நலம், அரசி

என் அன்பு அரசிக்கு,

கடையைத் திறந்து, அடுப்பை ஏற்றி, முதல் தட்டு பன் உள்ளே போனதும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் கார் வாசலில் வேப்பமர நிழலில் நிற்கிறது. நன்றாக இருக்கிறது. இதை முதலில் சொல்லாவிட்டால் மற்ற எதையும் நீ காதில் வாங்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

"கம்ப்ரஷன் பாத்தீங்களா?" என்று அடுத்ததாகக் கேட்பாய். போன வாரம் உன் தம்பி மாறன் பார்த்தான். மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் ஒன்றுபோலக் காட்டுகிறது. ஆயில் குறையவில்லை. போதுமா?

இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஊரில் இன்னும் தப்பாக ஒரு பேச்சு ஓடுகிறது. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் உனக்குத் திருப்பிச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்.

நான் பெரம்பலூரில் பேக்கரி நடத்துகிறவன். உங்கப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக் கூலியாக ஆரம்பித்து, லாரி கிளீனராகி, மெக்கானிக்காகி, கடைசியில் ஒரு பழைய போரிங் மிஷினை வாங்கிப் போட்டவர். தேய்ந்த எஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து தருகிற கடை. சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றுகிற டிப்பர்கள் ஓடும்வரை அந்தக் கடைக்கு வேலை ஓயாது. நீ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு நேராக வந்து அந்த மிஷின் முன்னால் நின்றாய். உன் தம்பி மாறன் ஆட்களையும் வாடிக்கைக்காரர்களையும் பார்த்துக்கொண்டான். மிஷின் உன்னுடையது.

கல்யாணத்துக்குப் பிறகும் நீ தினம் அரியலூர் போய்வந்தாய். அதற்காகத்தான் இந்தக் காரை வாங்கினோம். ஜெயங்கொண்டத்தில் ஒரு டாக்டர் ஓட்டிய வண்டி. ஒரு லிட்டர் எஞ்சின், மூன்று சிலிண்டர், பக்கவாட்டில் ஒரு டர்போ. பார்ப்பதற்கு சமயபுரத்துக்குக் குடும்பத்தோடு போய்வருகிற கார். நான் உன்னிடம் கேட்டேன், டர்போ என்றால் என்ன என்று.

"எஞ்சின்ல இருந்து வெளிய போற புகை ஒரு விசிறியச் சுத்தும். அது கூடவே இன்னொரு விசிறி சுத்தும். அந்த விசிறி காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து நெறையப் போனா பெட்ரோலும் நெறைய எரியும். அவ்வளவுதாங்க."

"சும்மா வெளிய போற புகையிலயா?"

"சும்மா போறதுலதான்," என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். உன் கண்ணில் அப்போது ஒன்று தெரிந்தது. எனக்கு அது என்னவென்று புரியவில்லை.

சில மாதத்திலேயே திருச்சியிலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வந்தார். காரில் ஒரு ஒயரைச் சொருகி ஏதோ தட்டினார். டர்போ இன்னும் அழுத்தமாகக் காற்றைத் தள்ளும், வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்றார். கார் பறந்தது. நீ மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே ஓட்டினாய். "உள்ள இருக்கிற சாமான் பழசுதானே. இது எவ்வளவு தாங்கும்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாய்.

பாடாலூரில் தெரிந்துவிட்டது. திருச்சியில் என் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போகும் வழி. மேடு ஏறும்போது ஒரு லாரியைத் தாண்ட மிதித்தாய். 'டப்' என்று ஒரு சத்தம். பின்னால் நீலப்புகை. கார் நொண்டிக்கொண்டே ஓரமாகப் போய் ஒரு டீக்கடை முன்னால் நின்றது. பட்டுப்புடவையோடு பானெட்டைத் திறந்து குனிந்தாய். பின்சீட்டில் இருந்த என் அம்மா, "இதுக்குத்தான் சொன்னேன், இருக்கறத நோண்டாதடின்னு" என்று ஆரம்பித்தார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அழுவாயோ என்று பயந்தேன்.

நீ நிமிர்ந்து, "ஒரு சிலிண்டர் போயிடுச்சுங்க" என்றாய். ஒரு நல்ல செய்தியைச் சொல்லும் குரல் அது.

எஞ்சினைப் பிரித்து, உடைந்த பிஸ்டனைக் கொண்டுவந்து பேக்கரி மேஜையில் வைத்துக் காட்டினாய். வளையம் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது. எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டால், மேலே வரும் பிஸ்டனை அது சம்மட்டியால் அடிப்பது மாதிரி அடிக்கும் என்றாய். கம்பெனி போட்ட பிஸ்டன் உருக்கி வார்த்தது. அதிக அடியைத் தாங்காது. "எங்க உடையுதுன்னு இப்பத் தெரிஞ்சுடுச்சு. உடையாத மாதிரி செய்யலாம்."

எல்லாரும் புது எஞ்சின் வாங்கச் சொன்னார்கள். லேப்டாப் கொண்டுவந்த திருச்சிக்காரர் கம்பெனி போட்ட பழைய புரோகிராமையே திரும்பப் போட்டுத் தருவதாகச் சொன்னார். நீ கேட்கவில்லை. நூறு குதிரைசக்தி வந்த எஞ்சினில் நூற்றெழுபது எடுக்க வேண்டும், அதுவும் நிலைத்து நிற்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாய். அதற்கு உள்ளே இருப்பதை எல்லாம் மாற்றியாக வேண்டும். அடித்து உருவாக்கிய பிஸ்டன், பிஸ்டனைக் கீழே கிராங்க் தண்டோடு இணைக்கிற, அதே மாதிரி அடித்துச் செய்த கனெக்டிங் ராடு, பலமான போல்ட்டு, நல்ல பேரிங்.

பிஸ்டனைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் உன் வரைபடத்துக்குச் செய்து கொடுத்தார்கள். ராடு கிடைக்கவில்லை. அங்கேதான் சலீம் பாய் உள்ளே வந்தார்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சலீம் பாயைத் தெரியாது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் வேகக் கார்களுக்கு எஞ்சின் கட்டுகிற ஒரு கராஜில் பல வருஷமாக வேலை. லீவில் வரும்போதெல்லாம் நம் பேக்கரியில் தேங்காய் பன் வாங்காமல் போகமாட்டார். ஒருநாள் மேஜையில் கிடந்த உடைந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இத ஏன் இங்க வச்சிருக்கீங்க?" என்றார். உன்னைக் கூப்பிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தீர்கள். அவர் டீ ஆறிப்போய், இன்னொன்று போட்டு, அதுவும் ஆறியது. போகும்போது "தங்கச்சி, ராடு நான் கொண்டாரேன் இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த லீவில் பேரீச்சம்பழ டப்பாக்களுக்கு நடுவில் துணி சுற்றிக் கொண்டுவந்தார். ஏர்போர்ட்டில் இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "எஞ்சினோட கை காலு சார்" என்றாராம்.

அவருக்கு இதில் வேறொன்றும் இருந்தது. ஷார்ஜாவை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட வேண்டும் என்று அவர் வீட்டில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கார் ஓடி நாலு பேருக்குத் தெரிந்தால், உன் கடையோடு சேர்ந்து இதே வேலையைச் செய்யலாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தீர்கள். மாறனுக்கு அது பிடிக்கவில்லை. "லாரிக்காரன் நம்மள நம்பி நிக்கறான். இது வெளையாட்டு அக்கா" என்றான். ஒரு தடவை ஓட்டிக் காட்டுகிறேன், சரியில்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தாய்.

நீ அந்த எஞ்சினைக் கட்டிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. மதியம் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்த நாட்களில் நான் அரியலூருக்குப் பஸ் ஏறி வந்து ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். சிலிண்டரைக் கடைவதற்கு முன் அதன் தலையில் ஒரு தடித்த இரும்புப் பலகையை வைத்து இறுக்கினாய். பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்து நீயே துளை போட்ட பலகை. எதற்கு என்று கேட்டேன். மேலே மூடியாக வரும் ஹெட்டை இறுக்கும்போது சிலிண்டர் லேசாக நெளியும், நெளிந்த நிலையிலேயே கடைந்தால்தான் ஓடும்போது உருண்டையாக இருக்கும் என்றாய். லாரிக் கடையில் யாரும் இவ்வளவு செய்வதில்லை.

பிஸ்டன் வளையத்தின் வாய் இடைவெளியை ராவி ராவிப் பார்த்தாய். இழுத்து ராவுவாய், சிலிண்டருக்குள் வைப்பாய், அளப்பாய், எடுப்பாய், மறுபடியும் ராவுவாய். சூட்டில் வளையம் நீளும், இடம் இல்லாவிட்டால் முட்டிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும். அளந்து பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே மாவு அளப்பவன். உன்னைப் போல, சரியாக வந்த பிறகும் இன்னொரு முறை அளந்து பார்க்கிறவரைப் பார்த்ததில்லை. அவசரப்படுத்தினால் உனக்குக் கோபம் வராது. கேட்காதது மாதிரி இருப்பாய்.

முதலில் ஸ்டார்ட் செய்த அன்று டக டகவென்று சத்தம் வந்தது. நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். "அடிச்சு செஞ்ச பிஸ்டன் சூட்டுல அதிகமா விரியும். அதுக்காகத்தான் கொஞ்சம் தளர்வா வச்சிருக்கேன். சூடானா சத்தம் நின்னுடும் பாருங்க" என்றாய். நின்றது. மாறன் கையைத் துடைத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் டீ சொன்னான்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் பந்தயத் தளத்தில் கார்களை ஜோடி ஜோடியாக நேர்கோட்டில் ஓட விடுவார்கள். அங்கே பேர் கொடுத்தோம். சலீம் பாய் அதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தார். நான் கடைக்குப் பூட்டுப் போட்டேன். அம்மாகூட இட்லி கட்டிக்கொடுத்தார், திட்டிக்கொண்டேதான். காலையில் ஒத்திகை ஓட்டம் ஒன்று. உன் கார் போன வேகத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும் இன்னொரு தடவை பார்த்தார்கள்.

திரும்பி வந்ததும் நீ செய்த காரியம்தான் உன்னைப் பற்றி நான் யாரிடமும் முதலில் சொல்வது. ஆயில் ஃபில்டரைக் கழற்றினாய். அதை அறுத்து, உள்ளே மடித்திருந்த காகிதத்தை வெயிலில் விரித்துப் பார்த்தாய். மினுக் மினுக்கென்று ஏதோ பொடி. எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது.

"நான் ஓட்டல," என்றாய்.

மாறன் துடித்துப் போனான். "அக்கா, ஒரு ஓட்டம்தானே? அது பாட்டுக்குப் போயிடும்!"

"போயிடும். திரும்பி வராது. ஏதோ ஒரு பேரிங்கு தேயுது."

உன் நம்பரை மைக்கில் கூப்பிட்டார்கள். நீ போய் விலகிக்கொள்வதாகச் சொன்னாய். உன்னோடு ஜோடியாக ஓட வேண்டியவன் ஜெயங்கொண்டத்துப் பையன் கார்த்தி, முந்திரித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் நண்பர்கள் எல்லாரும் கேட்கும்படி, "என்னக்கா, பயந்துட்டீங்களா?" என்றான்.

"ஆமா தம்பி. பயந்துட்டேன்" என்றாய் நீ.

அவர்கள் சிரித்தார்கள். நீயும் லேசாகச் சிரித்தாய். நானாக இருந்தால் ரோஷத்துக்கு ஓட்டியிருப்பேன், எஞ்சினைத் தூள் தூளாக்கியிருப்பேன். அந்த 'ஆமா'வைச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாய் அரசி?

அன்றே ஊருக்குத் திரும்பினோம். லாரியில் கார், முன்னால் வேனில் நாம். நடுவில் டீ குடிக்க நின்றபோது மாறன் பொறுக்காமல் சொல்லிவிட்டான்: "வெளிநாட்டு ராடு வெளிநாட்டு ராடுன்னு நம்பினோம். டூப்ளிகேட்டாத்தான் இருக்கும்." சலீம் பாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அதற்குள் அந்தப் பந்தயக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் அதே பேச்சு. ஷார்ஜா ராடு கவுத்திடுச்சு. கராஜுக்காரன் ஏமாத்திட்டான். இனி அந்த மனிதர் எந்த முகத்தோடு இங்கே கடை போடுவார்? நீ மட்டும், "பிரிச்சுப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றாய், அவ்வளவுதான்.

மறுநாள் பகலில், சலீம் பாயையும் மாறனையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு பிரித்தாய். ராடுகளை முதலில் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாய். அவற்றின் பேரிங்கில் ஒரு கீறல் இல்லை. அடியில் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் இரண்டு இடத்தில் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. நீ அந்தப் பேரிங் உட்காரும் துளையை அளந்தாய். போல்ட்டை மாற்றி இறுக்கி மறுபடியும் அளந்தாய். அப்புறம் அளக்கும் கருவியைக் கீழே வைத்தாய்.

"என் தப்புதான் மாறா," என்றாய். "அளக்கும்போது பழைய போல்ட்டப் போட்டு அளந்தேன். ஓட்டும்போது புதுசு போட்டேன். புதுசு அதிகமா இறுக்குது. அந்த இறுக்கத்துல துளை கொஞ்சம் கோணிடுச்சு. நான் பாக்காம விட்டுட்டேன்."

சலீம் பாய், "விடு தங்கச்சி, யாருக்கும் நடக்கறதுதான், நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். நீ ஃபோனை எடுத்தாய். அந்தக் குழுவில், உன் குரலிலேயே ஒரு செய்தி போட்டாய். எனக்கு அது மனப்பாடம்.

"வணக்கம்ங்க. நான் அரியலூர் தமிழரசி பேசறேன். நேத்து என் வண்டி நின்னதுக்கு ராடு காரணம் இல்ல. சலீம் அண்ணன் கொண்டுவந்த சாமான் முதல் தரம். பிரிச்சுப் பாத்துட்டேன், போட்டோ போடறேன். நான்தான் தப்பா அளந்துட்டேன். பலமான போல்ட்டு போடறவங்க, அதே போல்ட்ட இறுக்கி வச்சு அளந்து, துளைய நேர் பண்ணிட்டுப் போடுங்க. என்னைய மாதிரி ஏமாறாதீங்க."

சலீம் பாய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாறன் அவர் தோளில் கை போட்டு, "பாய், நான் பேசினது தப்புங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றான். அவர் லீவு முடிந்து விமானம் ஏறும்போது அவர் பெயருக்கு ஒரு குறையும் இல்லை.

சிரித்த ஊர் என்ன செய்யும் என்று நினைத்தேன். அந்தச் செய்திக்குக் கீழே, முகம் தெரியாத எத்தனையோ பேர் சந்தேகம் கேட்டு எழுதினார்கள். தப்பை ஒத்துக்கொண்ட பெண்ணிடம் எஞ்சினைக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

துளையை நேர் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து, மறுபடியும் கட்டினாய். அடுத்த பந்தயத்தில் ஓடினாய். முதல் பரிசு பெங்களூர்க்காரர் ஒருவருக்குப் போனது. நீ இரண்டாவது. கார்த்தி உன் பக்கத்துத் தடத்தில் புறப்பட்டு உன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தான். நேராக உன்னிடம் வந்து, "அக்கா, என் எஞ்சினையும் பிரிச்சுப் பாக்கறீங்களா?" என்று கேட்டான். "திங்கக்கெழம கொண்டாங்க தம்பி" என்றாய். அன்றைக்குச் சொன்னதை எல்லாம் நீ ஞாபகப்படுத்தவே இல்லை.

அதற்குப் பிறகு சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் சாக்கில் சுற்றிய எஞ்சின்கள் அரியலூருக்கு வந்தன. டிப்பர் எஞ்சின்களுக்கு நடுவே சின்னச் சின்ன எஞ்சின்கள், தாய் யானைகளுக்கு இடையில் குட்டிகள் போல. சலீம் பாய் ஊரோடு வந்துவிட்டார். கடைப் பலகையில் மாறனே தன் செலவில், 'கார் எஞ்சின்களும் கட்டித் தரப்படும்' என்று புதிதாக ஒரு வரி எழுத வைத்தான்.

இனி எழுதுவது கஷ்டம். ஆனால் இதற்காகத்தானே உட்கார்ந்தேன்.

ஒருநாள் காலையில் தலை வலிக்கிறது என்றாய். கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாய். சுக்குக் காப்பி போடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நீ சாய்ந்திருந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார்கள். எந்தப் பிழையும் இல்லாமல் ஒன்று நின்றுபோகுமா அரசி? நீ இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா?

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "கார்லயா?" என்பதுதான். இல்லை என்றேன். "அவ்வளவு வேகமா ஓட்டுமே அந்தப் புள்ள" என்றார்கள். இல்லை என்றேன். பந்தயத் தளத்தைத் தவிர வேறெங்கும் நீ வேகம் காட்டியதில்லை. பாடாலூருக்குப் பிறகு ரோட்டில் ஒரு லாரியைக்கூட அவசரப்பட்டுத் தாண்டியதில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? குரும்பலூரிலிருந்து வந்த என் பெரியம்மா கூடத்திலேயே ஆரம்பித்துவிட்டார், பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா, எமனைக் கூடவே வைத்துக்கொண்டு சுற்றினாளே என்று.

அப்போது அம்மா எழுந்தார். உன் கால்மாட்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர்.

"எம் மருமவ காருல சாவல அக்கா. அவ ஓட்டற காருல நான் தூங்கிட்டே போவேன். இந்த ஊர்ல வேற எவன் ஓட்டினாலும் நான் கண்ண மூடுனதில்ல. தெரியாம பேசாத."

உன்னை ஒருநாளும் நேரில் பாராட்டாத அம்மா. உனக்குக் கேட்டதா?

அப்புறம் கார் ரொம்ப நாள் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது. கார்த்தி வந்து, தயங்கித் தயங்கி, எஞ்சினை மட்டும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டான். "அக்கா கட்டின மொத எஞ்சின் அண்ணே. நல்லா வச்சுக்குவேன்." மாட்டேன் என்றேன். மாறன் எனக்குப் புரிய வைக்கப் பார்த்தான். "நிக்க வச்சா கெட்டுடும் மாமா. ஓட்டணும், இல்ல ஓட்டறவன்ட்ட குடுக்கணும்." அவன் சொன்னது நியாயம்தான். அன்று முழுவதும் அவனோடு பேசாமல் இருந்தேன்.

மறுநாள் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

சிரிக்காதே. காலேஜ் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். எட்டுப் போடும்போது இரண்டு தடவை கம்பைத் தட்டினேன். லைசென்ஸ் கையில் வந்த அன்று சலீம் பாய் பக்கத்தில் உட்கார்ந்து, உன் காரை நான் முதல் தடவையாக நகர்த்தினேன். நாலு ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை அணைத்துவிட்டேன். "பரவால்ல மாப்ள, தங்கச்சி கட்டினது, நீங்க படுத்தற பாட்டையும் தாங்கும்" என்றார். இப்போது அரியலூருக்குத் தனியாகவே போய் வருகிறேன். டிப்பர்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். போகட்டும்.

போன மாதம் மாறன் என்னைப் பந்தயத் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். போட்டி இல்லாத நாள். யார் வேண்டுமானாலும் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கலாம். ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, "மூணாவது கியர்ல போட்டு முழுசா அமுக்குங்க மாமா. நேராப் புடிச்சா போதும்" என்றான். அமுக்கினேன்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. டர்போ காற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் சீட்டு என் முதுகைப் பிடித்துத் தள்ளியது. நான் சத்தம் போட்டேன் என்று மாறன் சொல்கிறான். எனக்கு ஞாபகமில்லை. கீழே மூன்று பிஸ்டனும் மேலும் கீழும் ஓடுவதும், நீ ராவிய வளையங்கள் சுவரை உரசாமல் உரசிக்கொண்டு போவதும் எனக்குத் தெரிந்தன. அத்தனை நாள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் உதறவில்லை, எதுவும் தட்டவில்லை. எனக்கு எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் இதை ஒருவர் முழு மனதோடு செய்திருக்கிறார் என்று எந்த முட்டாளுக்கும் தெரிந்துவிடும்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். கார்த்தியும் அன்று வந்திருந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, "எஞ்சின் இந்தக் காருலயே இருக்கட்டும் அண்ணே" என்றான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட "நீங்க ஓட்டிப் பாருங்க" என்று நீ என்னிடம் சொன்னதில்லையே, ஏன்? நான் கேட்பேன் என்று காத்திருந்தாயா?

நாளைக்கு சலீம் பாய் மகளுக்கு நிக்காஹ். கேக்கும் மற்ற பலகாரமும் நம் கடையிலிருந்துதான். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்கு நான்தான் காரை எடுத்துப் போகிறேன். மாறன் குடும்பத்தோடு நேரே வந்துவிடுவான். உன் பேரைச் சொல்லி மணமக்களுக்காக அல்லாஹ்விடம் துவா கேட்கப் போவதாக சலீம் பாய் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அரசி. சத்தம் அடங்கி எஞ்சின் சூடாகும்வரை வண்டியை எடுக்க மாட்டேன். போய்ச் சேர்ந்ததும் டர்போ ஆறும்வரை ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். நல்ல ஆயிலைத் தவிர வேறு ஊற்ற மாட்டேன். அம்மா தூங்கும்படி ஓட்டக் கற்றுக்கொள்வேன். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும், இப்போதைக்குக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.

பன் வெந்த வாசனை வந்துவிட்டது. எழுந்து போகிறேன்.

என்றும் உன்னைக் கட்டிய பெருமையோடு,
உன் வீட்டுக்காரன்
செந்தில்